அமெரிக்கத் தென்மாநிலக் கோழிச் சமையலுக்கு எனாமல் டச் அவன்: ஒரு மதிப்பீடு

கனமான மூடியுள்ள தடித்த பானையான, எனாமல் பூசிய வார்ப்பிரும்பு டச் அவன் வாங்கலாமா என்று கேட்பவரிடம், அதில் என்ன சமைக்கப் போகிறீர்கள் என்று திருப்பிக் கேட்க வேண்டும். எல்லாச் சமையலுக்கும் ஏற்ற பானை என்று விற்பவர்கள் சொல்வார்கள். அப்படியொரு பானை உலகில் இல்லை. ஆகவே இந்த மதிப்பீட்டுக்கு ஒரே ஒரு சமையல் மரபை அளவுகோலாக எடுத்துக்கொண்டேன்: வர்ஜீனியாவிலிருந்து லூசியானா வரை விரிந்து கிடக்கும் அமெரிக்கத் தென்மாநிலங்களின் கோழிச் சமையல். கிரேவியில் மூழ்கி வேகும் ஸ்மதர்ட் சிக்கன், மாவுப் பட்டைகளையோ உருண்டைகளையோ கோழிச் சாற்றில் வேகவைக்கும் சிக்கன் அண்ட் டம்ப்ளிங்ஸ், ஜார்ஜியாவின் கன்ட்ரி கேப்டன், தென் கரோலினாவின் சிக்கன் பாக், லூசியானாவின் கெட்டிக் குழம்பான கம்போ, இவை எல்லாவற்றையும்விடப் புகழ் பெற்ற பொரித்த கோழி ஆகியவை அந்த மரபின் முக்கிய உணவுகள். இவற்றில் பெரும்பாலானவற்றுக்கு இந்தப் பானைக்கு நிகராக வேறொன்றைச் சொல்ல முடியாது. ஒன்றிரண்டுக்கு மட்டும் இது இரண்டாம் தரம்தான். அந்த ஒன்றிரண்டில் பொரித்த கோழியும் அடக்கம் என்பதால், வாங்குமுன் சற்று யோசிக்க வேண்டியிருக்கிறது.

முதலில் பொருளைப் பற்றிச் சில செய்திகள். இரும்பை மணல் அச்சில் வார்த்து மெல்லிய சுவருள்ள பானைகளைச் செய்யும் முறைக்கு ஆபிரகாம் டார்பி என்ற ஆங்கிலேயர் 1707-இல் காப்புரிமை பெற்றார். அந்த வழியில் வந்த பானைகள் அமெரிக்காவில் குடியேறியவர்களோடு கடல் கடந்தன. மூன்று கால்களும், கரி நெருப்பைத் தாங்குவதற்காக விளிம்பு தூக்கிய மூடியும் கொண்ட அந்தப் பழைய வடிவத்தை இன்றும் முகாம் சமையலுக்கு வாங்கலாம். நாம் இங்கே பேசுவது கால்கள் இல்லாத, தட்டையான அடியுள்ள, உள்ளும் புறமும் எனாமல் பூசிய வீட்டு வடிவத்தை. எனாமல் என்பது கண்ணாடித் தூளைக் கரைசலாக்கிப் பூசி, ஏறத்தாழ 800 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் இரும்போடு உருகி ஒட்டச் செய்த மேற்பூச்சு. பிரான்சின் லெ க்ரூசே நிறுவனம் 1925 முதலும், ஸ்டாப் நிறுவனம் 1974 முதலும் இவற்றைச் செய்துவருகின்றன. டென்னசி மாநிலத்தின் சவுத் பிட்ஸ்பர்க் என்ற சிற்றூரில் 1896-இல் தொடங்கிய லாட்ஜ் நிறுவனம் பூச்சில்லாத வார்ப்பிரும்புக்குப் பேர் போனது; எனாமல் பானைகளையும் அது நெடுநாளாக விற்கிறது, அவற்றில் பெரும்பகுதி சீனாவில் செய்யப்படுவது.

விலையில் உள்ள வேறுபாடு மலைப்பூட்டுவது. ஏறத்தாழ ஒரே கொள்ளளவுள்ள பானைக்கு லெ க்ரூசே 400 டாலருக்கு மேல் கேட்கும்போது, லாட்ஜின் எனாமல் பானை அதில் ஏறக்குறைய கால்பங்கு விலைக்குக் கிடைக்கிறது. பிரெஞ்சுப் பானைகளின் மெருகு நேர்த்தியானது, சுவர் சற்று மெல்லியது, அதே அளவில் எடையும் கொஞ்சம் குறைவு. ஆனால் குறைந்த சூட்டில் ஒரு மணி நேரம் மூடி வைத்து வேகவைக்கும் கோழிக்கு இந்த நேர்த்தி கூட்டித்தரும் சுவை மிகச் சொற்பம். சுவை என்ற ஒன்றை மட்டும் கருதினால், நடுத்தர விலையுள்ள 6 குவார்ட் பானையே போதும் என்பது என் முடிவு. 6 குவார்ட் என்பது சுமார் 5.7 லிட்டர், நான்கு முதல் ஆறு பேருக்கான தென்மாநிலக் கோழிச் சாப்பாடு இதில் தாராளமாக அடங்கும்.

இந்தப் பானையின் தரத்தை உண்மையில் சோதிப்பது ஸ்மதர்ட் சிக்கன்தான். எலும்பும் தோலும் உள்ள தொடைத் துண்டுகளை உப்பு, மிளகுத்தூள், பாப்ரிகா என்னும் காரம் குறைந்த மிளகாய்த்தூள், சிறிது கெய்ன் மிளகாய்த்தூள் ஆகியவற்றில் புரட்டி, அதன்மேல் மாவு தூவி, தோல் பக்கம் கீழே இருக்கும்படி எண்ணெயில் பழுப்பேற வாட்டுவது முதல் வேலை. துண்டுகளை வெளியே எடுத்ததும், மிஞ்சிய கொழுப்பில் நிறைய வெங்காயம், குடைமிளகாய், செலரி ஆகியவற்றை வதக்கி, மாவு தூவிக் கிளறி, கோழிச் சாறு ஊற்றி, அடியில் ஒட்டியுள்ள பழுப்புப் படிவைச் சுரண்டிக் கரைக்க வேண்டும். கிரேவியின் சுவையில் பாதி அந்தப் படிவிலிருந்துதான் வருகிறது. ஒட்டாப் பூச்சுள்ள பாத்திரத்தில் படிவு சரியாக உருவாவதில்லை. மெல்லிய எவர்சில்வர் பாத்திரத்தில் உருவாகும் வேகத்திலேயே கருகியும் விடுகிறது. தடித்த எனாமல் அடியில் அது மெதுவாகச் சேர்ந்து, சாறு பட்டதும் முழுமையாக விட்டுக்கொடுக்கிறது. உட்புறம் வெளிர்நிறமாக இருப்பதன் பயனும் இங்கேதான் தெரியும்: படிவு செம்பழுப்பில் நிற்கிறதா, கருப்புக்குப் போகிறதா என்பது பார்த்த மாத்திரத்தில் விளங்கிவிடுகிறது. ஸ்டாப் பானையின் கரிய உட்பூச்சு கறையைக் காட்டாமல் அழகாக இருந்தாலும், நிறத்தைப் பார்த்துச் சமைப்பவருக்கு அது தடைதான்.

வாட்டும்போது அவசரம் கூடாது என்பதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தப் பானையைக் குறைசொல்பவர்களில் பலர் அதை விரட்டுபவர்கள்தான். வார்ப்பிரும்பு வெப்பத்தை நன்றாகத் தேக்கிவைக்கும், ஆனால் நன்றாகப் பரப்பாது. அலுமினியத்தோடு ஒப்பிட்டால் அதன் வெப்பக் கடத்துதிறன் நான்கில் ஒரு பங்கு அளவுக்கே வரும். சிறிய பர்னரில் தீயைப் பெரிதாக வைத்தால் நடுவில் கருகலும் ஓரத்தில் வெளிறலுமாகத்தான் முடியும். நடுத்தரத் தீக்கும் சற்றுக் குறைவாக வைத்து, எண்ணெய் ஊற்றி, அடி முழுவதும் சீராகச் சூடேறும் வரை சில நிமிடம் பொறுத்தால், அதன் பிறகு குளிர்ந்த இறைச்சி விழுந்தாலும் பானையின் சூடு எளிதில் தணியாது. பானையை வெறுமையாகப் பெருந்தீயில் காய வைப்பது எனாமலுக்கு ஆகாது; செய்பவர்களே தங்கள் குறிப்பேட்டில் அதைத் தவிர்க்கச் சொல்கிறார்கள். தொடைத் துண்டுகளை ஒரே நேரத்தில் நெருக்கி அடுக்காமல் இரண்டு தவணையாக வாட்டுவதும் தேவை. 6 குவார்ட் பானையின் அடிப்பரப்பில் ஐந்து, ஆறு துண்டுகளுக்கு மேல் இடைவெளியோடு வைக்க முடியாது.

அதன்பின் மூடியைப் போட்டு, 325 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குச் சூடேற்றிய அவனுக்குள், அதாவது ரொட்டி சுடும் பெட்டி அடுப்புக்குள், பானையோடு வைத்துவிடலாம். செல்சியஸில் அது 163. அடுப்பின் மேலேயே வேகவைத்தாலும் குற்றமில்லை, ஆனால் மாவு சேர்ந்த கிரேவி அடிப்பிடிக்காமல் இருக்க அடிக்கடி கிளற வேண்டும். அவனுக்குள் வெப்பம் எல்லாப் பக்கமும் சூழ்ந்து வருவதால் அந்தக் கவலை இல்லை. கோழி இறைச்சியின் உட்புறம் 165 டிகிரி ஃபாரன்ஹீட்டை, அதாவது 74 செல்சியஸை எட்ட வேண்டும் என்பது அமெரிக்க வேளாண் துறையின் விதி. அது பாதுகாப்புக்கான எல்லை. தொடை இறைச்சி குழைந்து வருவதற்கு அது போதாது. தொடையில் இணைப்புத் திசு அதிகம், அது ஜெலட்டினாக மாற இன்னும் கூடுதலான வெப்பமும் நேரமும் தேவை. 185 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேல் போன தொடைதான் எலும்பிலிருந்து மெத்தென்று கழன்று வருகிறது. நெஞ்சுக்கறிக்கு இது பொருந்தாது. அந்தச் சூட்டில் அது வறண்டு நார்நாராகிவிடும். ஆகவே இந்தப் பானையில் நெஞ்சுக்கறியை நீண்ட நேரம் வேகவைப்பதை நான் பரிந்துரைக்கவில்லை. மூடிய பானைக்குள் தோல் மென்மையாகிவிடும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். மொறுமொறுப்பை விரும்புபவர்கள் கடைசிக் கால் மணி நேரம் மூடியை எடுத்துவிட்டால், கிரேவிக்கு மேலே தெரியும் தோல் ஓரளவு உலர்ந்து நிறம் பெறும். இருந்தாலும் இந்த உணவின் சிறப்பு மொறுமொறுப்பில் இல்லை, சாதத்தின் மேலோ பிசைந்த உருளைக்கிழங்கின் மேலோ ஊற்றிக்கொள்ளும் அந்தக் கிரேவியில்தான் இருக்கிறது.

டம்ப்ளிங்ஸ் விஷயத்தில் பானையைவிட மூடிக்கே பெருமை. தென்மாநிலங்களில் இதில் இரண்டு கட்சிகள் உண்டு. மாவை மெல்லியதாகத் தேய்த்துப் பட்டைகளாக வெட்டிக் கொதிக்கும் சாற்றில் போடுபவர்கள் ஒரு கட்சி. இளகிய மாவைக் கரண்டியால் எடுத்துச் சாற்றின் மேல் உருண்டைகளாக விடுபவர்கள் இன்னொரு கட்சி. இருவரும் ஒருவர் செய்வதை மற்றவர் டம்ப்ளிங் என்றே ஒப்புக்கொள்ள மாட்டார்கள். பட்டை வகைக்கு எந்தப் பெரிய பாத்திரமும் போதும். உருண்டை வகைக்குத்தான் டச் அவன் தேவைப்படுகிறது, ஏனென்றால் அந்த உருண்டைகளின் கீழ்ப்பாதி சாற்றிலும் மேல்பாதி ஆவியிலும் வேகின்றன. கனமான மூடி ஆவியை எளிதில் வெளியே விடாது. சாறு மெல்லக் கொதிக்கும் நிலையில் பதினைந்து நிமிடம் திறக்காமல் விட்டால் உருண்டைகள் பஞ்சுபோல உப்பி நிற்கும். இடையில் ஆர்வம் தாங்காமல் திறந்து பார்ப்பவருக்கு நடுப்பகுதி பிசுபிசுப்பாகவே கிடைக்கும். ஸ்டாப் மூடியின் உட்புறத்தில் உள்ள சிறு முனைகள் ஆவிநீரைத் திரட்டிச் சமமாகச் சொட்டவிடுகின்றன என்பது அதன் விற்பனைச் சிறப்பு. ஸ்மதர்ட் சிக்கனுக்கு அது நல்லதாகவே இருக்கலாம். டம்ப்ளிங் மேல் நீர் சொட்டுவதை யாரும் விரும்புவதில்லை என்பதால், இந்த உணவுக்கு முனைகள் இல்லாத மூடியே எனக்கு ஏற்புடையது.

மாவைப் பற்றியும் ஒரு சொல். தென்மாநிலத்தவர் டம்ப்ளிங்குக்கும், பிஸ்கட் என்று அவர்கள் அழைக்கும் மெத்தென்ற சிறு ரொட்டிக்கும் பயன்படுத்துவது புரதம் குறைந்த மென்கோதுமை மாவு. டென்னசியின் நாக்ஸ்வில் நகரில் 1883-இல் பிறந்த வொய்ட் லில்லி மாவு இதற்குப் பெயர் பெற்றது. பேக்கிங் பவுடரும் உப்பும் முன்கூட்டியே கலந்த செல்ஃப்-ரைசிங் மாவாகவும் அது கிடைக்கிறது. ரொட்டிக்கான வலுவான மாவைப் போட்டுவிட்டு உருண்டை இறுகிவிட்டதென்று பானையை நொந்துகொள்வதில் நியாயம் இல்லை.

எனாமலுக்கும் பூச்சில்லாத வார்ப்பிரும்புக்கும் இடையில் எதைத் தேர்ந்தெடுப்பது என்ற கேள்விக்குக் கன்ட்ரி கேப்டன் தெளிவான விடை தருகிறது. தக்காளி, குடைமிளகாய், வெங்காயம், பூண்டு ஆகியவற்றோடு கறிப்பொடி சேர்த்து வேகவைத்த கோழி. மேலே கரன்ட் என்னும் சிறு உலர்திராட்சையும் வறுத்த பாதாமும் தூவி, சாதத்தோடு பரிமாறுவார்கள். இந்தியாவோடு வணிகம் நடத்திய கப்பல்கள் கொண்டுவந்த மணப்பொடிகளால் துறைமுக நகரங்களில் பிறந்தது என்று இதற்குக் கதை சொல்வதுண்டு. ஜார்ஜியாவின் வார்ம் ஸ்பிரிங்ஸில் தங்கிய அதிபர் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் விரும்பி உண்டதால் இதற்குப் புகழ் கூடியது. கறிப்பொடி சேர்கிறது என்பதற்காக நம்முடைய குழம்பின் காரத்தை எதிர்பார்ப்பவர்கள் ஏமாறுவார்கள். இது இனிப்பும் புளிப்பும் கலந்த சாந்தமான உணவு. தக்காளியின் அமிலம் முக்கால் மணி நேரம் கொதித்தால், பூச்சில்லாத வார்ப்பிரும்பில் எண்ணெய் பதப்படுத்திய மேற்பரப்பு அரிக்கப்பட்டு, குழம்பில் இரும்பு வாடை ஏறிவிடும். எனாமல் அமிலத்தோடு வினைபுரிவதில்லை. வினிகர், எலுமிச்சை, தக்காளி ஆகியவை தென்மாநிலக் கோழிச் சமையலில் அடிக்கடி வருவதால், ஒரே ஒரு டச் அவன்தான் வாங்க முடியும் என்றால் எனாமல் பூசியதையே வாங்க வேண்டும் என்பதில் எனக்கு ஐயம் இல்லை.

சிக்கன் பாக் செய்யும்போதுதான் பானையின் குணம் குறையாக மாறுகிறது. தென் கரோலினாவின் பீ டீ பகுதிக்கே உரிய உணவு இது. கோழியை வேகவைத்து, எலும்பு நீக்கி, அந்தச் சாற்றிலேயே நீள அரிசியையும் புகையூட்டிய சாசேஜையும் சேர்த்து, உதிரியாகவும் இல்லாமல் கூழாகவும் இல்லாமல் ஈரமாக இறக்க வேண்டும். லோரிஸ் என்ற ஊரில் ஆண்டுதோறும் அக்டோபரில் இதற்கெனச் சமையல் போட்டியோடு ஒரு விழாவே நடக்கிறது. கரோலினாவின் கடலோரச் சதுப்புகளில் நெல் விளைந்ததற்கும், அங்கே அரிசிச் சமையல் வேரூன்றியதற்கும் மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் அறிவும் உழைப்பும் அடித்தளம் என்பதை மறந்துவிட்டு இந்த உணவைப் பற்றிப் பேசக் கூடாது. பானையைப் பொறுத்தவரை, தீயை அணைத்த பிறகும் வார்ப்பிரும்பு நெடுநேரம் கொதிநிலைக்கு அருகிலேயே இருப்பதால் அரிசி தொடர்ந்து வெந்துகொண்டே போகும். மெல்லிய பாத்திரத்துக்கு எழுதப்பட்ட நேரக்கணக்கை அப்படியே பின்பற்றினால் அடியில் குழைந்து ஒட்டிய ஒரு படலம் நிச்சயம். அரிசியில் இன்னும் சிறிது பிடிப்பு இருக்கும்போதே தீயை அணைத்து, மூடியை எடுக்காமல் பத்து நிமிடம் விடுவதுதான் வழி. இந்தக் கணக்கு பிடிபட்டுவிட்டால், பானையின் மிச்சச் சூடே கடைசிக் கட்ட வேலையை முடித்துக்கொடுக்கும்.

கம்போவைப் பற்றி நீட்டிப் பேசத் தேவையில்லை. எண்ணெயும் மாவும் சேர்ந்த ரூவைச் சாக்லேட் நிறம் வரும்வரை அரை மணி நேரமோ அதற்கும் மேலோ கை ஓயாமல் கிளறும் வேலைக்கு, நிறத்தைக் காட்டும் வெளிர்ந்த உட்புறமும் வெப்பம் தடுமாறாத தடித்த அடியும் வேறெதையும்விட உதவுகின்றன. அடியும் சுவரும் சேரும் வளைவில் மாவு தங்கிக் கருகாமல் இருக்க, தட்டையான முனையுள்ள மரத்துடுப்பு இருந்தால் போதும்.

இனி பொரித்த கோழி. 1824-இல் வர்ஜீனியாவின் மேரி ராண்டால்ஃப் அச்சிட்ட சமையல் நூலிலேயே இதற்குக் குறிப்பு உண்டு. உள்நாட்டுப் போருக்குப் பிந்தைய காலத்தில், அதே வர்ஜீனியாவின் கார்டன்ஸ்வில் ரயில் நிலையத்தில் கறுப்பினப் பெண்கள் பொரித்த கோழியைத் தட்டுகளில் தலைமேல் சுமந்து ரயில் சன்னல்கள் வழியாக விற்றுத் தங்கள் குடும்பங்களை நிமிர்த்தினார்கள். வர்ஜீனியாவின் ஃப்ரீடவுனில் 1916-இல் பிறந்த எட்னா லூயிஸ், பன்றிக் கொழுப்பில் வெண்ணெயும் உப்பிட்டு உலர்த்திய ஹாம் துண்டும் சேர்த்துக் கோழியைப் பொரிக்கும் முறையைப் பரவலாக்கினார். அந்த மரபின் பாத்திரம் பூச்சில்லாத வார்ப்பிரும்பு வாணல்தான். குறைந்த உயரமுள்ள வாணலில் கொழுப்பு துண்டின் பாதி வரைதான் நிற்கும். திருப்பிப் போட்டுப் பொரிக்கும்போது, அடியைத் தொட்டுக்கொண்டிருந்த இடங்களில் ஆழ்ந்த பழுப்பு நிறம் ஏறும். அகலத் திறந்த வாயிலிருந்து நீராவி தடையின்றி வெளியேறுவதால் மேலோடும் காய்ந்து மொறுமொறுப்பாகும். டச் அவனின் உயர்ந்த சுவர் அந்த ஆவியைச் சற்றே தடுத்துவைக்கிறது. விளைவு மோசமில்லை, ஆனால் வாணலில் பொரித்ததை அறிந்தவர் வேறுபாட்டைக் கண்டுகொள்வார்.

அதே உயர்ந்த சுவருக்கு நன்மையும் இல்லாமல் இல்லை. எண்ணெய் அடுப்பெங்கும் தெறிக்காது. பானையின் மூன்றில் ஒரு பங்குக்கு, அதாவது சுமார் 2 குவார்ட் எண்ணெய் ஊற்றி, 350 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குச் சூடேற்றி, பட்டர்மில்க்கில் இரவு முழுவதும் ஊறி மாவில் புரண்ட துண்டுகளை நான்கைந்தாக இறக்கினால், சூடு 300-க்குப் பக்கத்தில் இறங்கி அங்கிருந்து மெல்ல மீளும். மெல்லிய பாத்திரத்தில் அது இன்னும் கீழே போய்விடும், மேலோடு எண்ணெய் குடித்துவிடும். இதற்கு வெப்பமானி இன்றியமையாதது. எண்ணெயில் ரொட்டித் துணுக்கைப் போட்டுப் பார்ப்பதெல்லாம் தோராயம்தான். சில சமையற்காரர்கள் முதல் சில நிமிடங்களுக்கு மூடி போட்டுப் பொரிப்பதுண்டு. வாணலில் ஆழமில்லாத கொழுப்புக்குப் பழகிய கைகள் செய்யும் காரியம் அது. ஆழமான எண்ணெயுள்ள டச் அவனில் மூடியில் திரளும் நீர் எண்ணெயில் சொட்டினால் கொதித்துப் பொங்கும் என்பதால் அதைத் தவிர்ப்பதே நல்லது. மூடியைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்திருக்க வேண்டியது வேறு காரணத்துக்காக: எண்ணெய் தீப்பிடித்தால் அடுப்பை அணைத்து மூடியைப் போட்டு மூட வேண்டும், தண்ணீரைக் கிட்டக் கொண்டுவரக் கூடாது. பொரித்து முடித்த பின்பும் இந்தப் பானையிலுள்ள எண்ணெய் பாதுகாப்பான சூட்டுக்கு ஆற மணிக்கணக்காகும். அதற்குள் இடம் மாற்ற முயல்வது விபத்தை வருந்தி அழைப்பது. இத்தனையையும் கருதி, பொரித்த கோழி மட்டுமே வேண்டும் என்பவர்களுக்கு டச் அவனைப் பரிந்துரைக்க மாட்டேன். அவர்கள் பன்னிரண்டு அங்குலப் பூச்சில்லாத வாணலை வாங்கட்டும். அதில் சோளரொட்டியும் சுடலாம், செலவும் குறையும்.

எடையைப் பற்றி மதிப்பீடு எழுதுபவர்கள் பெரும்பாலும் போகிறபோக்கில் ஒரு வரி சொல்லிவிட்டு நகர்கிறார்கள். அது போதாது. 6 குவார்ட் எனாமல் பானை மூடியோடு 6 கிலோ அளவுக்கு வரும். உள்ளே கோழியும் கிரேவியும் சேர்ந்தால் 9 கிலோவைத் தாண்டும். 163 டிகிரி செல்சியஸ் சூட்டிலுள்ள அந்தச் சுமையை, குனிந்து, அவனுக்குள்ளிருந்து இரண்டு சிறிய காதுகளைப் பிடித்துத் தூக்க வேண்டியிருக்கிறது. மணிக்கட்டிலோ தோளிலோ வலியுள்ளவர்கள் 4 குவார்ட் அளவைத் தேர்ந்தெடுக்கலாம், அல்லது அவனை விட்டுவிட்டு அடுப்பின் மேலேயே மெல்லிய தீயில் அடிக்கடி கிளறிச் சமைக்கலாம். வாங்குமுன் கடையில் இரண்டு கையிலும் தடித்த கையுறை போட்டுக்கொண்டு காதுகளைப் பிடித்துப் பாருங்கள். விரல்கள் நான்கும் நுழையாத காதுள்ள பானை எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம். நீள்வட்ட வடிவம் முழுக்கோழிக்கு வசதி என்பார்கள். வட்டமான பர்னரில் அதன் இரு கோடிகளும் சூடேறாமல் நிற்பதால் வாட்டும் வேலைக்கு வட்டப் பானையே சிறந்தது.

மூடியின் கைப்பிடியையும் கவனிக்க வேண்டும். உலோகக் குமிழ் உள்ள மூடிகள் 500 டிகிரி ஃபாரன்ஹீட் வரை தாங்கும். கருப்புப் பிளாஸ்டிக் போன்ற ஃபீனாலிக் குமிழ்களில் சில அவ்வளவு தாங்குவதில்லை. ஆகவே பழைய பானையைக் கைமாற்றாக வாங்குபவர்கள் குமிழைப் பார்த்து வாங்குவது நல்லது. தென்மாநிலக் கோழி உணவுகளில் மூடி போட்டு வேகவைக்கும் சூடு பெரும்பாலும் 350-ஐத் தாண்டுவதில்லை என்பதால் இது பெரிய தடை அல்ல.

பராமரிப்பு எளிது, ஆனால் முரட்டுத்தனத்தை இந்தப் பானை மன்னிக்காது. சூடான பானையில் குளிர்ந்த நீரை ஊற்றினால் எனாமலில் மயிரிழை விரிசல் ஓடும். இரும்புக் கரண்டியால் விளிம்பில் தட்டினால் சில்லு பெயரும். விலை மலிந்த பானைகளில் விளிம்புச் சில்லு ஓரளவு எதிர்பார்க்க வேண்டிய ஒன்றே. உட்புறச் சமைக்கும் பரப்பிலேயே சில்லு பெயர்ந்த பானையைத் தொடர்ந்து பயன்படுத்தக் கூடாது, ஏனென்றால் பெயரும் துணுக்கு கண்ணாடி. பொரித்ததால் ஏறும் பழுப்புக் கறைக்கு, பானையில் நீர் நிரப்பிச் சில கரண்டி சமையல் சோடா போட்டு மெல்லக் கொதிக்கவைத்து, மரத்துடுப்பால் தேய்த்தால் பெரும்பகுதி போய்விடும். எஞ்சும் மங்கலான நிறம் சமையலைப் பாதிப்பதில்லை. வெளிர்ந்த உட்புறம் கடைசிவரை புதிது போலவே இருக்க வேண்டும் என்று விரும்புபவர்களுக்கு இந்த வகைப் பானை மனநிறைவு தராது.

மீந்த உணவு விஷயத்தில் மட்டும் பானையின் நற்குணத்தை நம்பிவிடக் கூடாது. சமைத்த உணவை இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்பதனப் பெட்டியில் வைக்க வேண்டும், 40 முதல் 140 டிகிரி ஃபாரன்ஹீட் வரையிலான இடைவெளியில் கிருமிகள் வேகமாகப் பெருகும் என்று அமெரிக்க வேளாண் துறை எச்சரிக்கிறது. சூட்டை விடாமல் பிடித்துவைக்கும் இந்தப் பானையில் கோழியை அப்படியே விட்டால், அந்த வெதுவெதுப்பான இடைவெளியில் அது நீண்ட நேரம் கிடக்கும். பானையோடு பெட்டிக்குள் வைத்தாலும் நடுப்பகுதி ஆற வெகு நேரமாகும். உண்டு முடித்த கையோடு ஆழம் குறைந்த பாத்திரங்களுக்கு மாற்றிவிடுவதே முறை. ஸ்மதர்ட் சிக்கனும் கன்ட்ரி கேப்டனும் மறுநாள், கொஞ்சம் கோழிச் சாறு விட்டு இதே பானையில் மெல்லிய தீயில் சூடேற்றும்போது முதல் நாளைவிட நன்றாக இருக்கின்றன. டம்ப்ளிங் உருண்டைகள் அப்படியல்ல. இரவோடு இரவாகச் சாற்றை உறிஞ்சிக் கனத்துவிடும் என்பதால், அன்றைக்குத் தேவையான அளவு மாவை மட்டும் உருட்டிப் போட்டு, மிஞ்சிய சாற்றையும் கோழியையும் தனியே எடுத்துவைத்து, அடுத்த நாள் புதிதாக மாவு கலந்து விடுவது நல்லது.